லொறிக்குக் குளிர்ந்த வருடம்

மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகமல்ல. ஒரு பழைய லொறியின் மூக்கில் சணல் கயிற்றால் கட்டியிருந்த என்னுடைய கம்பளிப் போர்வைதான். பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. மெல்பேர்ண் வந்து இறங்கிய வருடம், குளிரைப் பற்றிக் கேள்விப்பட்ட வதந்திகளை மட்டும் நம்பி ஸ்பிரிங்வேலில் ஒரு கடையில் வாங்கினேன். அதற்குள் படுத்தால் ஒரு செம்மறியாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்த மாதிரி இருக்கும். அந்தப் போர்வையை என் கையாலேயே றேடியேற்றருக்கு முன்னால் விரித்து, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு, கடைசியில் தொட்டில் பிள்ளையைத் தட்டுவது போல இரண்டு தட்டும் தட்டிவிட்டேன். அன்றைக்கு ஹீல்ஸ்வில் தெருவில் மரம் ஏற்றும் லொறிக்காரன் ஒருவன் மச்சாளை நிறுத்தி, உங்கள் லொறிக்குச் சளித் தடிமனா காய்ச்சலா என்று விசாரித்தானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது மச்சாள் சிரிக்கவில்லை. "அவன் பகிடிக்குத்தான் கேட்டவன். ஆனா கேள்வி சரி" என்றார்.

மச்சாள் என்றால் என் அண்ணரின் மனைவி. எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மூன்று பேரும் ஸ்பிரிங்வேலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு நகரசபைக் கந்தோரில் வடிகால் படம் கீறும் வேலை. அண்ணர் எங்கள் எல்லோரையும்விட வயதானது போலத் தோன்றிய ஒரு லொறியை வாங்கி, டன்டினோங்கில் இருந்த ஒரு மொத்தச் சாமான் டிப்போவில் மாவும் சீனியும் ரின் பாலும் ஏற்றி, ஹீல்ஸ்வில் தாண்டி மலை ஏறி, மேரிஸ்வில் வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்குப் பிஸ்கட் ஃபக்டரியில் வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ற்றுக்கு முன்னால் நின்று உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். காலையில் நின்றால் பின்னேரம் வரைக்கும் அதேதான். கிளிநொச்சியில், தன்னோடு படித்த பெண்பிள்ளைகள் சைக்கிள் பழகிய வயதில் தகப்பனின் உழவு மெசினை வயலில் ஓட்டியவருக்கு, அந்த பெல்ற் ஒரு மறியல், ஒரு சிறைதான். நித்திரையிலும் மச்சாளின் விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கும் என்று அண்ணர் சொல்லியிருக்கிறார். அந்த வருடத் தொடக்கத்தில் மச்சாள் யாருக்கும் சொல்லாமல் போய் லொறி ஓட்டும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணர் அதை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்து, வடிவான கையெழுத்து என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் மாதம் அண்ணர் லொறியின் பின்கதவில் நின்று சீனி மூட்டை இறக்கும்போது விழுந்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தொடையிலிருந்து குதிக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. வெட்டி எடுக்க செப்ரெம்பர் ஆகும் என்றார் டொக்டர். அடுத்த திங்கட்கிழமை மச்சாள் ஃபக்டரி மேலங்கியை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அண்ணரின் பழைய காற்சட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு லொறியில் ஏறினார். ஏப்ரலும் மேயும் ஒரு பிழையும் வரவில்லை. மலைக் கடைக்காரர்கள் மச்சாளுக்கு ஆப்பிள் கேக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் மாவுக்கட்டோடு இருந்த அண்ணர் அந்தக் கேக்கைத் தின்றபடி, லொறியை நல்லாப் பாரும், இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று நாளுக்கு நாலு தரம் சொன்னார். பிறகு ஜூன் வந்தது; இங்கே அது குளிர்காலத் தொடக்கம். டிப்போ மனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆண் துணையாக நானும் போனேன்.  மனேஜர் நல்ல மனிதர், பிரச்சினையே அதுதான். கெட்டவன் என்றால் சண்டை பிடிக்கலாம். இவர் மச்சாளுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார். மலைப்பாதையில் இனி ஐஸ் பிடிக்கும். லொறி கிழடு. நீங்களோ வெயில் நாட்டிலிருந்து வந்த பெண். குளிர் முடியும்வரை புது லொறி வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த மலை ஓட்டத்தைக் கொடுக்கிறேன். உங்கள் கணவர் எழும்பி நடந்ததும் பார்ப்போம். மச்சாள் தேத்தண்ணியைத் தொடவில்லை. குளிர் மிக மோசமான கிழமை எதுவோ அதைத் தனக்குத் தரும்படி கேட்டார். ஐந்து நாளும் காலை ஆறு மணிக்கு முன்னர் சாமான் ஏற்றிக்கொண்டு இந்த வாசலைத் தாண்டுவேன், மலையில் ஒரு கடையும் சாமான் இல்லாமல் கிடக்காது, ஒரு நாள் பிந்தினால் ஓட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். அவருடைய இங்கிலிஷ் நேராகப் போய்க் குத்தும் இங்கிலிஷ். மனேஜரின் புருவம் உயர்ந்ததைக் கண்டு, அதைக் கொஞ்சம் மெத்தையாக்குவோம் என்று நினைத்து நான் குறுக்கே விழுந்தேன்: தான் முயற்சி செய்து பார்ப்பதாக மச்சாள் சொல்கிறார் என்று மனேஜருக்கு இங்கிலிஷில் விளங்கப்படுத்தினேன்.

மச்சாள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "நான் எங்கயப்பா முயற்சி எண்டு சொன்னனான்?"

பிறகு மனேஜரிடம், நான் முயற்சி செய்யப் போவதில்லை, வரப்போகிறேன் என்றார். மனேஜர் சம்மதித்தார். முதல் கடும் உறைபனி விழும் கிழமை, ஐந்து நாள், வாசலில் தானே மணிக்கூட்டோடு நிற்பார். வெளியே வந்ததும் நான் லொறியின் சில்லுகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தேன். மச்சாள் கேட்டார்: "தம்பி, ஓடப்போறது நான். உமக்கு ஏன் இந்தப் பதட்டம்?"

பதட்டத்துக்குக் காரணம் இருந்தது. மச்சாள் அந்த ஓட்டத்தை இழந்தால் திரும்பவும் பெல்ற்றுக்குத்தான் போகவேண்டும். அதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியாத மனிதன் செய்வது எல்லாம் உதவியாக இருப்பதில்லை. அன்று பின்னேரமே நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஐஸில் வழுக்காமல் சில்லுக்குப் போடும் சங்கிலி ஒரு சோடி வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து பார்த்தால் அது ஒரு சின்னக் காரின் ரயரைச் சுற்றக்கூடக் காணாது, இடுப்புப் பட்டியாகத்தான் கட்டலாம். எஞ்சின் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் பச்சை மருந்தில் மூன்று கலன் வாங்கினேன். ஒன்று போதும் என்று கலனிலேயே எழுதியிருந்தது. அதை எழுதியவனுக்கு என் மச்சாளைத் தெரியாதே என்று நினைத்து இரண்டாவதையும் ஊற்றிவிட்டு மூன்றாவதைத் திறக்கும்போது மச்சாள் கையைப் பிடித்தார். "காணும். இது லொறி, ஊறுகாய் இல்லை."

உருப்படியான வேலைகளை எல்லாம் அவரே செய்தார். குளிருக்கு ஏற்ற மெல்லிய எஞ்சின் எண்ணெய் மாற்றினார். பற்றறியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, கிறீஸ் பூசினார். வெடித்திருந்த றப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து இரண்டை மாற்றினார். நான் ரோச் வெளிச்சம் பிடித்தேன். அதை நான் ஓரிடத்தில் நிலையாகப் பிடிக்காததால், எஞ்சினுக்குள் மின்மினி பறக்கிறது என்றார். அண்ணர் யன்னல் ஓரம் காலை நீட்டியபடி இருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆலோசனை சொன்னார். இப்போது என்னிடம் இருக்கும் கார், வெளியே குளிர் கூடினால் தானாகவே மணி அடித்து எச்சரிக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த மணியைக் கேட்கும்போது, யாரோ என்னை நன்றாகத் தெரிந்தவன்தான் இதைச் செய்திருக்கிறான் என்று நினைப்பேன். அன்று அந்த மணியின் வேலையை நானே சம்பளமில்லாமல் பார்த்தேன்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் வானம் கண்ணாடி போல வெளித்தது. மறுநாள் காலை புல்லெல்லாம் சீனி தூவினது போலக் கிடந்தது. லொறியின் முன்கண்ணாடியில் பனி கட்டியாகப் படிந்திருந்தது. கேத்திலோடு ஓடிப்போய்க் கொதிதண்ணீரை ஊற்றப் போன என்னை மச்சாள் ஒரு சத்தத்தால் நிறுத்தினார். ஊற்றியிருந்தால் கண்ணாடி இரண்டாகியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. லொறி இருமியது, மூச்சுத் திணறியது, ஆனால் கிளம்பியது. திங்கள் வாசலைத் தாண்டும்போது ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. செவ்வாய் ஏழு நிமிடம். அன்றுதான் அந்தப் போர்வையைக் கட்டினேன். காரணம், லொறிக்கு ஒரு விநோதமான நோய் வந்திருந்தது. எவ்வளவு தூரம் ஓடினாலும் எஞ்சின் சூடாகவில்லை. சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. ஹீற்றரில் வந்த காற்று வெளிக்காற்றைவிடக் குளிராக இருந்தது. உள்ளே கண்ணாடி முழுக்க மூச்சு ஆவி படிந்து, புதன்கிழமை மலை வளைவுகளில் மச்சாள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டவேண்டி வந்தது. பின்னேரம் வந்து இறங்கியபோது உதடு நீலமாக இருந்தது.  வியாழக்கிழமை டிப்போ வாசலிலேயே எஞ்சின் மூன்று தரம் நின்றது. மூன்றாம் தரம் அது பிடித்து, பின்சில்லு வாசலைத் தாண்டியபோது ஆறுக்கு ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு இதைவிடக் கடுமையாக இருக்குமாம் என்று கவலையோடு சொன்னாராம்.

அன்று பின்னேரம் நான் கந்தோரால் வரும்போது மச்சாள் குசினி மேசையில் லொறியோடு வந்த பழைய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். எஞ்சினின் படம் போட்டிருந்த பக்கம். அதில் ஒரு சின்ன உருப்படியின்மேல் விரலை வைத்திருந்தார். எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் உட்காருகிற பித்தளை வால்வு அது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்திருந்து, சூடானதும் தானாகத் திறந்து விடும். இங்கிலிஷில் தேர்மோஸ்ராற் என்பார்கள்.

"இந்தச் சாமான் எங்கட லொறியில இல்லை" என்றார் மச்சாள். "மூடியைக் கழட்டிப் பாத்தனான். வெறும் ஓட்டைதான் கிடக்கு. ஆர் கழட்டினது?"

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் அண்ணரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியே இருந்த எலுமிச்சை மரத்தைப் பார்த்தோம்.

விஷயம் இதுதான். அந்த பெப்ரவரி வெயிலில் லொறி ஒருநாள் கொதித்து ஆவி விட்டது. அதைக் கண்டதும் அண்ணருக்கும் எனக்கும் ஊர் ஞானம் உதித்தது. யாழ்ப்பாணத்தில் லொறி வாங்கினால் கராஜ்காரர் முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார். எஞ்சினுக்கு என்னத்துக்கு அடைப்பு, தண்ணி தாராளமாக ஓடட்டும் என்பதுதான் அங்கே சட்டம். எங்கள் ஊரில் எஞ்சினுக்கு ஒரே ஒரு எதிரிதான், வெயில். எஞ்சினுக்கும் குளிரும் என்று நினைப்பதற்கு எங்கள் மூளையில் இடமே வைக்கப்படவில்லை. ஆகவே மச்சாள் ஃபக்டரியில் நின்ற ஒரு நாளில் நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து அதைக் கழற்றினோம். கழற்றிவிட்டு கைகுலுக்கிக்கூடக் கொண்டோம். அதன்பிறகு மறந்தே போனோம். நாலு மாதம் கழித்து, குளிரால் வெடவெடத்துக்கொண்டிருந்த அதே எஞ்சினுக்கு நான் வெளியிலிருந்து போர்வை போர்த்திக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து வைத்துவிட்டுக் கழுத்துக்குச் சால்வை கட்டுகிற வைத்தியம்.

"சரி, கழட்டினது கழட்டினதுதான். எங்க வைச்சிருக்கிறியள்?" என்றார் மச்சாள்.

அண்ணர் மெதுவாகத் தலையைத் திருப்பி, சுவரில் இருந்த சாமிப் படத்தட்டைப் பார்த்தார். முருகன் படத்துக்கு முன்னால், தட்டையான அடியோடும் ஓரத்தில் ஒரு சின்னத் துளையோடும் பித்தளையில் ஒரு ஊதுபத்தித் தாங்கி இருந்தது. நாலு மாதமாக மச்சாளே காலையும் மாலையும் அதில் ஊதுபத்தி குத்திக்கொண்டு வந்திருந்தார். லொறி நல்லா ஓடவேணும் என்று அதற்கு முன்னால்தான் கும்பிட்டும் இருந்தார்.

நான் சமையலறைக் கதவுப் பக்கமாக நகரத் தொடங்கினேன். ஆனால் மச்சாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். தாங்கியை எடுத்து, சாம்பலைத் தட்டி, பல் துலக்கும் பிறஷ்ஷால் தேய்த்து, சட்டியில் தண்ணீர் வைத்து அதற்குள் போட்டு அடுப்பை மூட்டினார். சூட்டில் திறந்தால் உயிர் இருக்கிறது, திறக்காவிட்டால் செத்துவிட்டது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றோம். அண்ணர் இரண்டு ஊன்றுகோலோடு. தண்ணீர் ஆவி விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. நான் மனதுக்குள் மச்சாளுக்காக பெல்ற்றுக்கு முன்னால் நின்று அழத் தொடங்கியிருந்தேன். அப்போது, தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் முந்தி, அந்த வால்வு நித்திரையால் எழும்புகிற மாதிரி மெதுவாக வாயைத் திறந்தது.

"பாருங்கோ" என்றார் மச்சாள். "எப்ப திறக்கவேணும், எப்ப மூடவேணும் எண்டு இதுக்குத் தெரியுது."

நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். வால்வைப் பூட்டும்போது தண்ணீர் ஒழுகாமல் நடுவில் வைக்க ஒரு மட்டை வேண்டியிருந்தது. மச்சாள் அலுமாரிக்குள் கிடந்த ஃபக்டரிப் பிஸ்கட் பெட்டியைக் கொட்டிக் காலியாக்கி, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, கிறீஸ் பூசினார். இந்தளவுக்காவது அந்த இடம் உதவட்டும் என்று சொல்லி அதை வைத்து நாலு திருகையும் இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கந்தோருக்கு வயிற்றுக் குத்து என்று அறிவித்தேன்; அது பொய்யுமல்ல. இரண்டு சுவெற்றர், ஒரு கோட், அதற்கு மேல் அண்ணரின் கோட். குனிய முடியாமல் இருந்ததால் என்னை லொறிக்குள் மச்சாள்தான் தள்ளி ஏற்றினார். வாசலை ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போதே தாண்டினோம். ஹீல்ஸ்வில்லுக்குப் பிறகு பாதை மரங்களுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் நெட்டை மரங்கள். அடியில் உறைபனி மூடிய பன்னைச் செடிகள். ஒரு வளைவில் எதிரே மரக்குற்றி ஏற்றிய லொறி ஒன்று இறங்கி வந்தது. மச்சாள் ஓரத்துக்கு எடுக்க, பின்சில்லு ஐஸில் மெல்ல விலகியது. நான் நல்லூர்க் கந்தனில் தொடங்கி, செல்வச் சந்நிதி, மாவிட்டபுரம் என்று வடக்கு நோக்கி எல்லா முருகனையும் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் நூறு தேங்காய் நேர்ந்துகொண்டு போனேன்.

"தம்பி, முருகனை விடும்" என்றார் மச்சாள். கண் பாதையில் இருந்தது. கியரை இறக்கி, பிறேக்கைத் தொடாமல், லொறியைத் தன் பாட்டில் நேராக்கி எடுத்துக்கொண்டு போனார். "முள்ளைப் பாரும். எங்க நிக்குது?"

நடுவில் நின்றது. நான்கு நாளாக அடியில் படுத்துக் கிடந்த முள் நடுவில் எழும்பி அசையாமல் நின்றது. ஹீற்றரிலிருந்து என் முழங்காலுக்குச் சூடான காற்று வந்தது. முன்கண்ணாடியில் ஆவி கீழிருந்து மேலே விலகிக்கொண்டு போக, பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. மச்சாள் ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி என் மடியில் போட்டார். பிறகு மற்றதையும். வெறும் கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்தார். அந்த விரல்கள் எதையும் பொறுக்கிக்கொண்டிருக்கவில்லை.

பின்னேரம் டிப்போவில் மனேஜர் அடுத்த கிழமைக்கான தாளை மச்சாளிடம் கொடுத்து, உண்மையான சந்தோஷத்தோடு கையைக் குலுக்கினார். உங்கள் கணவர் எழும்பும்வரை இந்த ஓட்டம் உங்களுடையதுதான் என்றார். மச்சாள் தாளை நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். பதில் சொல்லவில்லை. மச்சாள் பதில் சொல்லாமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு அது ஐஸைவிடப் பயமாக இருந்தது.

செப்ரெம்பரில் மாவுக்கட்டை வெட்டினார்கள். கால் மெலிந்திருந்தது, ஆனால் நடந்தார். கிளச் மிதிக்கலாம், பிறேக் மிதிக்கலாம் என்று டொக்டர் சொன்னதை அண்ணர் சனியும் ஞாயிறும் எங்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மச்சாள் கேட்டுக்கொண்டு கறி காய்ச்சினார். திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு அண்ணர் சப்பாத்துப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, லொறி நிற்கும் இடத்துக்குப் போனார். நான் பின்னால் போய் வாசல் விளக்கடியில் நின்றேன். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்தார்.

"இறங்குமன்" என்றார் அண்ணர் அன்பாக. "இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டிட்டீர். இனி நான் பாப்பன்."

மச்சாள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். இப்போது பெரிய சண்டை ஒன்று வரப்போகிறது, யார் பக்கம் நிற்பது என்று நான் அவசரமாகக் கணக்குப் போட்டேன். என் கால் பாதி வீட்டுக்குள் போய்விட்டது.

"நீங்கள் அந்தப் பக்கத்தால ஏறுங்கோ" என்றார் மச்சாள். "கதவு கொஞ்சம் இறுக்கம். பலமா இழுக்கவேணும்."

அண்ணர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். இம்முறை நான் எலுமிச்சை மரத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லொறியின் மூக்கில் ஒரு கையை ஊன்றி, நொண்டி நொண்டிச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். கதவு முதல் இழுவைக்கு வரவில்லை. இரண்டாம் தரம் பலமாக இழுத்தார்.